வோல்டேஜை ஆட்டோவில் ஏற்றிய விவரம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர், மோட்டார் காயில் கட்டும் கடையின் உரிமையாளர் அவர்களுக்கு,

இங்கே நானும் மகனும் மருமகளும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியப்படுத்தவும். உன் வாய் நல்ல திடமாக இருப்பதைப் போன மாதம் கல்யாணச் சாப்பாட்டு மேசையிலேயே கண்ணால் பார்த்துவிட்டேன், அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

சொல்வது நான், எழுதுவது மருமகள். எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். பேக்கரி அடுப்பின் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்தே காலத்தைத் தள்ளியவன். எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு, ஒரு தாளில் எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாக மறந்துவிடலாம். எனக்கு அது வாய்க்கவில்லை. கேட்டது கேட்டபடி, வார்த்தை மாறாமல், உள்ளேயே கிடக்கிறது. ஆகையால் அந்தக் கல்யாணத்தில் நீ கையைக் காலை ஆட்டி, "எங்க அத்தான் இருக்காரே, கம்ப்யூட்டரை ஆட்டோல ஏத்தின மகான்!" என்று சொல்லி, முன்பின் தெரியாத மாப்பிள்ளை வீட்டாரைப் புரைக்கேறும் அளவுக்குச் சிரிக்க வைத்தாயே, அந்தக் கதையை நடந்தது நடந்தபடி ஒருமுறை சொல்லி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் மருமகள் தன் படத் தொழிலுக்குக் கடைத்தெருவில் பெரிய அறை எடுத்து, ஆறு பேரை வேலைக்கு வைத்துத் திறக்கப் போகிறாள். அன்றைக்கும் நாலு பேர் கூடுவார்கள், அன்றைக்கும் நீ வாயைத் திறப்பாய். அதற்கு முன் இது தீர வேண்டும். மருமகளின் முதல் படத்தைக் காப்பாற்றியது யார் என்பதுதான் கேள்வி.

அது எந்த வருஷம் என்றால், ரயில்வே கேட்டைப் பிடுங்கிவிட்டுப் பாலம் கட்டினார்களே, அந்த வருஷம். எங்கள் பேக்கரி முதலாளியின் இரண்டாவது மகள் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய், மறுநாள் குடையை எடுத்துப் போகத் திரும்பி வந்து, மழை விடாததால் அப்படியே இருந்துவிட்ட வருஷம். தபால் நிலையத்தின் பக்கத்துச் சுவர் விழுந்ததும், உன் கடையில் கிரைண்டர் மோட்டார் ஒன்று காயில் கட்டி முடித்ததும் தலைகீழாகச் சுற்றியதும் அதே வருஷம்தான். இதை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

அப்போது மருமகள் நம் வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான். அவளுடைய அண்ணனின் போட்டோ ஸ்டூடியோவில் ஊரான் முகத்தில் இருக்கும் பருக்களை அழிக்கிற வேலையை விட்டுவிட்டு, நம் வீட்டு நடு அறையில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரை வைத்துப் படம் வெட்டி ஒட்டும் வேலையைத் தொடங்கியிருந்தாள். முதல் பெரிய வேலை லிஃப்ட் கம்பெனியுடையது. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு சின்னப் படம். அதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் ஹாலில் எல்லா இன்ஜினியர்களுக்கும் போட்டுக் காட்ட வேண்டும். காட்டினால் அடுத்தடுத்த படங்களும் அவளுக்கு. காட்டாவிட்டால், "உன்னால முடியாதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்று காத்துக்கொண்டிருக்கும் அண்ணனிடம் திரும்பிப் போய்ப் பரு அழிக்க வேண்டும். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த நடு அறைச் சுவருக்கும் தெரியும்.

என் மகன் சும்மா இருந்திருக்கலாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் அவ்வளவு உயரத்தில் தனியாக உட்கார்ந்து யோசித்தால் இப்படித்தான் ஏதாவது தோன்றும் போலிருக்கிறது. "அப்பா, இந்த ப்ராசசர் கம்பெனிக்காரன் சொன்ன வேகத்தை விட அதிகமா ஓடும். ஓவர்கிளாக்னு பேரு. கொஞ்சம் கூடுதலா வோல்டேஜ் குடுக்கணும், அவ்வளவுதான். மதர்போர்டுல அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு," என்றான். அதற்கு ஏன்டா அம்மா பேரு என்று கேட்டேன். எல்லாரும் அதன் மேல்தான் ஏறி உட்கார்ந்திருப்பார்கள், சூடு முழுக்க அதுதான் தாங்கும் என்றான். சரியாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள் என்று உன் அக்கா அடுப்படியிலிருந்து சொன்னாள்.

வேகமாகத்தான் ஓடியது. ஆனால் படத்தை மொத்தமாக ஓட்டி முடித்துத் சி.டி. தட்டில் இறக்க வேண்டிய நேரத்தில், திரையில் ஓடும் பச்சைக் கோடு முக்கால் தூரம் போனதும், சந்தையில் நின்றுவிட்ட மாடு மாதிரி நின்றுவிடும். தட்டினாலும் அசையாது. மகன் போனில் ஒன்று சொல்ல, மருமகள் இங்கே ஒன்று மாற்ற, வியாழக்கிழமை ஆகிவிட்டது. அப்போதுதான் நீ திருப்புளியோடு வந்து சேர்ந்தாய்.

நீ என்ன சொன்னாய் என்பதை வார்த்தை மாறாமல் சொல்கிறேன், இல்லை என்றால் இல்லை என்று எழுது. "அத்தான், இதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். வோல்ட் கம்மியானா மோட்டார் மொனகும். இதுவும் மொனகுது. ஏத்தி விட்டா பிச்சுக்கிட்டு ஓடும்." வெள்ளிக்கிழமை காலையில் மருமகள், "நான் ஹாலைப் பாத்துட்டு வரேன் மாமா. நீங்க ரெண்டு பேரும் பெட்டியைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பாவம், இன்னும் ரெண்டு நாள் டயம் கேட்டு மேனேஜர் காலில் விழத்தான் போகிறாள் என்று நாம் இருவரும் நமக்கு நாமே முடிவு செய்துகொண்டோம். அவள் படி இறங்கினாளோ இல்லையோ, நீ பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளே ஊதி, கண்ணில் பட்டதையெல்லாம் திருப்புளி முனையால் நலம் விசாரித்துவிட்டு, வோல்டேஜை மாற்றும் அந்த நீலத் திரையைத் திறந்தாய்.

எனக்கு அதில் எழுத்து புரியவில்லை, எண் புரிந்தது. ஒன்று புள்ளி மூன்று ஐந்து என்று வெள்ளையாக இருந்தது. நீ ஏற்றினாய், ஒன்று புள்ளி நான்கு. மஞ்சளாயிற்று. இன்னும் ஏற்றினாய், ஒன்று புள்ளி ஐந்து. சிவப்பாயிற்று. "என்ன அத்தான், செவந்துடுச்சே?" என்று நீ என்னைக் கேட்டாய். நான் பேக்கரிக்காரன். வெள்ளையாக இருந்தால் மாவு, மஞ்சளாக இருந்தால் பாதி வேக்காடு, சிவந்தால்தான் ரொட்டி. "பதம் வந்துடுச்சு, விடு" என்றேன். கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து பதில் சொன்னேன். இதில் ஒரு தப்பும் இருப்பதாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. பெட்டி ஓலமிட்டது. ஒரு வாசனை வந்தது. திரை அணைந்து, எரிந்து, மறுபடி அதே சிவப்பு எண்ணில் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து மகன் சாப்பாட்டு இடைவேளையில் போன் செய்தான். நீ கையைப் பெட்டிக்குள் விட்டிருந்ததால் நான் எடுத்தேன். எண்ணைச் சொன்னேன். "ஒண்ணு புள்ளி அஞ்சா? ஐயோ, வெந்துடும்ப்பா!" என்றான். அதுக்குத்தானேடா வைக்கிறது என்றேன். அவன் அழாத குறையாகச் சொன்னது இது: "அப்பா, கையால எதையும் மாத்தாதீங்க. எல்லாத்தையும் ஆட்டோல போட்டுட்டு, சேவ் பண்ணிட்டு, வெளிய வந்துடுங்க. அது தானா ஸ்டார்ட் ஆகும். ஃபேன் மட்டும் ஃபுல்லா ஓடட்டும்." சங்கு ஊதிவிட்டது, வைத்துவிட்டான்.

இப்போது கவனி, மாப்ளே. நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே உன்னிடம் ஒப்பித்தேன். அர்த்தம் பண்ண வேண்டியது திருப்புளி வைத்திருந்த நீ. "எந்த ஆட்டோ அத்தான்?" என்று கேட்டது யார்? நீ. "மூலையில ஒத்தைக் கண்ணாடி நிக்கிறாரே, அவரைக் கூப்பிடறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடியது யார்? அதுவும் நீ. "சேவ் பண்ணிட்டுன்னா என்னடா?" என்றதற்கு, "பத்திரமா காப்பாத்திக் கொண்டு போங்கன்னு அர்த்தம் அத்தான், இங்கிலீஷ்" என்று எனக்குப் பாடம் எடுத்ததும் நீயே. உன் அக்கா மட்டும் ஈரக் கையோடு வந்து நின்று, "ஏங்க, அவன் ரோட்டுல ஓடற ஆட்டோவைச் சொன்ன மாதிரி தெரியலையே. கம்ப்யூட்டருக்குள்ள ஏதோ ஆட்டோ இருக்குங்கறான் போல," என்றாள். நாம் இருவரும் சிரித்தோம். அந்தப் பெட்டிக்குள் ஆட்டோ எப்படி நுழையும் என்று நீ அவளைக் கேட்டாய். உங்க ரெண்டு பேர் மண்டைக்குள்ள எது எப்படி நுழையும்னு எனக்கும்தான் தெரியலை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லாத்தையும் என்று சொன்னானே. ஆகையால் பெட்டி, திரை, தட்டச்சுப் பலகை, மவுஸ், அது உட்காரும் சின்னத் துணி, எல்லாவற்றையும் ஏற்றினோம். ஃபேன் ஓட வேண்டும் என்றானே என்று, நின்ற வாக்கில் சுற்றும் அந்தப் பெரிய மின்விசிறியையும் ஏற்றினோம். ஒத்தைக் கண்ணாடி, அவருடைய ஆட்டோவுக்கு ஒரு பக்கக் கண்ணாடிதான் என்பதால் அந்தப் பேர், வீடு காலி பண்றீங்களா என்று கேட்டார். இல்லை, வோல்டேஜ் பிரச்சினை என்றேன். அவர் ஏறிச் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். தானா ஸ்டார்ட் ஆகும் என்று மகன் சொன்னது மட்டும் பலிக்கவில்லை. நீ பின்னாலிருந்து தள்ளினாய்.

நாம் தெருமுனை திரும்பியதும் மகன் மறுபடி போன் செய்திருக்கிறான். உன் அக்கா எடுத்திருக்கிறாள். அவள் எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்கிறேன்.

"அம்மா, ஆட்டோல போட்டாச்சா?"

"போட்டாச்சுடா."

"ஸ்டார்ட் ஆச்சா?"

"எங்க ஆச்சு? உன் மாமா தள்ளித்தான் ஆச்சு."

"எதைத் தள்ளினாரு? ஃபேன் ஓடுதா?"

"அதுவும் கூடத்தான் போயிருக்கு."

"நான் கிரேனுக்கே போறேம்மா" என்று வைத்துவிட்டானாம்.

எங்கே போவது என்று அவன் சொல்லவில்லை. படம் காட்ட வேண்டிய இடம் லிஃப்ட் கம்பெனி, மருமகள் இருப்பதும் அங்கேதான், ஆகவே அங்கே போவோம் என்று முடிவு செய்தது நான். இதை நீ எந்தக் கல்யாணத்திலும் சொன்னதில்லை. வழியெல்லாம் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பெட்டி என் மடியில், திரை உன் மடியில், நடுவில் ஃபேன். வண்டி வேகம் பிடித்ததும் காற்று பட்டு அது தானாகவே சுற்ற ஆரம்பித்தது. மகன் சொன்னது ஒவ்வொன்றாக நடக்கிறது என்று எனக்குத் தைரியம் வந்தது. பாலத்துக்குக் கீழே இருந்த பெரிய பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது, என் தலை கூரையில் இடித்தது, பெட்டிக்குள் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. "சில்லறை விழுந்திருக்கும் அத்தான்," என்றாய். இந்த வார்த்தையை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், பிறகு தேவைப்படும்.

லிஃப்ட் கம்பெனியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. வாட்ச்மேன் உட்கார்ந்த வாக்கில் தூங்கிக்கொண்டே படிக்கட்டைக் கை காட்டினார். மூன்று மாடி ஏறினோம். மேலே ஹால் வாசலில் மருமகள் நின்றிருந்தாள். நம்மைப் பார்த்ததும் அவள் முகத்தில் பயம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு இரண்டையும் துடைத்துவிட்டு ஒரு முகம் வந்தது.

"மாமா, என்ன இது?"

"உன் புருஷன்தாம்மா எல்லாத்தையும் ஆட்டோல போடச் சொன்னான்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து, என் கையிலிருந்த பெட்டியை வாங்கி, ஒரு மூலையில் வைத்து, ஒயரையெல்லாம் சொருகி எரிய விட்டாள். திரையில் ஏதோ வந்தது. உற்றுப் பார்த்தாள். அவள் சொன்னது இது: "மாமா, தேதியே எங்கயோ பழைய வருஷத்துக்குப் போயிடுச்சு. செட்டிங்ஸ் பூரா அழிஞ்சு எல்லாம் ஆட்டோவுக்கு வந்திருக்கு. உள்ள இருக்கற பாட்டரி கழண்டுடுச்சு போல." பக்கத்து மூடியைத் திறந்ததும், நாணயம் மாதிரி வட்டமான ஒரு சின்னப் பாட்டரி உருண்டு என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. நாம் கிளப்பிவிட்ட வோல்டேஜை எல்லாம் அந்த மதர்போர்டு ஞாபகம் வைத்திருந்தது அந்தப் பாட்டரியின் தயவில்தானாம். அது விழுந்ததும், பிறந்தபோது இருந்த அளவுக்கே தானாகத் திரும்பிவிட்டதாம். அதற்குப் பேர்தான் ஆட்டோவாம்.

ஆக, ஆட்டோவில் போட்டோம், ஆட்டோவுக்கு வந்துவிட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஆனால் நீ என்ன செய்தாய்? பாட்டரியைப் பார்த்த மறுநொடி, "நான்தான் காலையிலயே தெரிஞ்சு அதை நெகிழ்த்தி வச்சேன், ரீசெட் ஆகட்டும்னு. இது டெக்னீஷியன் முறை" என்று மேனேஜர் காதில் விழும்படி சொன்னாய். தெரிந்து நெகிழ்த்தியவன் எதற்குச் 'சில்லறை விழுந்திருக்கும்' என்று சொன்னான்? அதைக் கழற்றியது பாலத்தடிப் பள்ளம். அந்தப் பள்ளத்துக்குக் கூட்டிப் போனது ஆட்டோ. ஆட்டோவை எங்கே விட வேண்டும் என்று சொன்னது நான்.

பிறகு நாம் இருவரும் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, அந்தப் பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போவதைக் கண்ணிமைக்காமல் பார்த்தோம். முக்கால் தூரம் வந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய், அதையும் நான் மறக்கவில்லை. அந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று. கடைசி வரை போயிற்று. மருமகள் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் போனாள். படம் ஓடியது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஆள் பதற்றப்படாமல் மணியை அழுத்தும் இடத்தில் இன்ஜினியர்கள் கை தட்டினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் அண்ணன் ஸ்டூடியோவுக்குப் போகவில்லை.

நடந்தது இதுதான். நீ இதை ஒப்புக்கொண்டால் திறப்பு நாளன்று வா, உனக்கு முன் வரிசையில் நாற்காலி உண்டு. ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நீ நன்றாக இரு. உன் பிள்ளைகளும், அவர்கள் பெற்றதுகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும், உன் கடையில் கட்டுகிற மோட்டாரெல்லாம் நேராகவே சுற்றட்டும். வேறு சாட்சி கேட்கலாம் என்று நினைத்தால் அதற்கும் வழியில்லை. நான் விசாரித்துப் பார்த்துவிட்டேன். ஒத்தைக் கண்ணாடி போய்ச் சேர்ந்துவிட்டாராம். லிஃப்ட் மேனேஜர் மேலே போய்விட்டாராம். வாட்ச்மேனையாவது கேட்போம் என்றால், அவர் கண்ணை மூடிவிட்டாராம். உன் அக்கா போனது உனக்கே தெரியும். என்னைக் கட்சிக்காரன் என்று தள்ளிவிட்டால், அன்றைக்கு அந்தப் பள்ளத்தில் 'டிங்' என்ற சத்தத்தைக் கேட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தன்தான். கடைவீதியில் அவனைக் காயில்காரர் என்பார்கள். உன் அக்கா ஷாக்கு என்று கூப்பிடுவாள்.

இப்படிக்கு,
உன் அத்தான்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: சின்ன மாமா, இது மருமகள் எழுதுவது. மேலே உள்ளதை மாமாவுக்குப் படித்துக் காட்டி ரேகை வாங்கிவிட்டேன். இதை அவருக்குப் படித்துக் காட்டப் போவதில்லை.

முதலில், யாரும் சாகவில்லை. ஆட்டோக்காரர் வண்டியை விற்றுவிட்டு மகள் வீட்டோடு இருக்கப் போனார். "நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டார்" என்று அவர் தம்பி மாமாவிடம் சொன்னார். மேனேஜர் மேலே போனது ஐந்தாவது மாடிக்கு, பதவி உயர்வில். வாட்ச்மேனுக்குக் கண் ஆபரேஷன், கட்டுப் போட்டு மூடியிருக்கிறார்கள். மாமா கேட்டதை வார்த்தை மாறாமல் வைத்திருக்கிறார். அர்த்தம்தான் ஒவ்வொரு தடவையும் ஆட்டோ ஏறிப் போய்விடுகிறது. அந்த வரிசையில் உண்மையாகவே போனவர் அத்தை ஒருவர்தான்.

இரண்டாவது, படத்தை நீங்களும் காப்பாற்றவில்லை, மாமாவும் காப்பாற்றவில்லை, பள்ளமும் காப்பாற்றவில்லை. வியாழக்கிழமை பகலிலேயே என் அண்ணன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அதை முடித்துவிட்டேன். போய் நின்றதும் அவர் ஒன்றுமே கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். உன்னால் முடியாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, "உன்னால முடியாதுன்னு சொல்ல நான் யாரு?" என்றுதான் சொன்னார், மாமா அதில் முன்பாதியை வைத்துக்கொண்டார். ஹாலில் ஓடிய தட்டு வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பும்போதே என் பையில் இருந்தது. நீங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தீர்களே, அந்தப் பச்சைக் கோடு, அது வைரஸ் தேடும் கோடு.

அன்று சாயங்காலம் அத்தையிடம் மட்டும் சொன்னேன். அத்தை சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம், "அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடாதே. யாரு காப்பாத்தினதுன்னு சண்டை போடறதுக்காவது என் தம்பி அடிக்கடி வருவான். வந்தா சாப்பிட்டுட்டுப் போவான்" என்றார். அப்படித்தான் இத்தனை வருஷமும் வந்தீர்கள். அத்தை போன பிறகுதான் நீங்கள் வருவதும் குறைந்தது, அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் நின்றது.

அதனால் தயவுசெய்து எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாமா அந்தப் பாட்டரியைத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருக்கிறார். பாட்டரியை நான்தான் கழற்றினேன் என்று சத்தம் போட்டுக்கொண்டே வாருங்கள்.